ஆறாவது ஜீன்ஸ்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். அப்படித்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? நாற்பதை எட்டப்போகும் நாத்தனாரை இன்னும் வாலு என்று கூப்பிடுவதாகக் கோபித்துக்கொள்ளாதே. நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கு என் செருப்பில் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு, அரை மணி நேரம் என்னோடு சேர்ந்து தேடினாயே, உனக்கு வேறு பெயர் பொருந்தாது.

உன் அண்ணன் போய் இன்றோடு பத்து வாரம். ‘தேட வேண்டாம். உன் மேல் தப்பில்லை’ என்று எழுதிய சீட்டு இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. போலீஸில் மறுபடி கேட்டேன். வளர்ந்த ஆள், எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார், நாங்கள் என்ன செய்ய என்கிறார்கள். உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று முதல் மாதம் நினைத்தேன். இப்போது அதைக்கூட நினைப்பதில்லை. காலையில் கடைக்குப் போகிறேன். பின் அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் கால்சட்டைகளுக்கு நீளம் குறைக்கிறேன். வருகிறேன். சாப்பிட்டேனா என்பதைச் சில நாள் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அவர் போட்டுக்கொண்டு போனது ஒன்று, விட்டுப் போன ஜீன்ஸ் ஏழு. அலமாரியைத் திறந்தால் ஏழும் மடிந்து உட்கார்ந்திருக்கின்றன. போட ஆளில்லை, தூக்கிக் கொடுக்க மனமில்லை. வெட்டிச் சதுரம் சதுரமாகச் சேர்த்து ஒரு போர்வை தைக்கலாம் என்று இருக்கிறேன். படுக்கும்போது மேலே கொஞ்சம் கனமாக இருந்தால் தேவலை போலிருக்கிறது. ஆனால் வெட்டிவிட்டால் காத்திருப்பதும் முடிந்தது என்று ஆகிவிடும். எனக்கு அது தெரியும். உன் அண்ணன் துணி, உனக்கும் சொல்ல உரிமை உண்டு. வெட்டட்டுமா?

உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். இடுப்பு வலி அப்படியேதான். சலவைக்கடையில் எட்டு மணி நேரம் கவுன்ட்டரில் நிற்பவளுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே பெரிய விஷயம். இவர் இருமலும் அப்படியே. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அண்ணி. தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நன்றாக இல்லை.

போன் கெட்டுப்போய்விட்டது. மணி அடிக்கும், பேச்சு கேட்காது. சரிசெய்யக் கொடுக்க வேண்டும்.

ஜீன்ஸை வெட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். உங்கள் இஷ்டம், அண்ணி. ஒன்றை மட்டும் வெட்டாமல் வைத்திருங்களேன். எதற்கு என்று கேட்காதீர்கள். ஒன்று இருக்கட்டும், அவ்வளவுதான்.

வேறு விசேஷம் இல்லை. குளியலறையில் தரை ஓடு நான்கு பெயர்ந்துவிட்டது. கால் வைத்தால் ஆடுகிறது. இவர் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
வாலு


மார்ச் 6

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்றதில் நிம்மதி. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, நின்றபடியே ஆறிவிடும் என்று இருக்காதே.

உன் பதில் வர நேரமாகிவிட்டது. ஏழையும் வெட்டிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரிக்கோலை எடுத்தேன், மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்து முகம் துடைக்கத் துண்டைக்கூடப் பக்கத்தில் வைத்திருந்தேன். வரவில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டேன்.

ஜீன்ஸ் வெட்டுவது நினைத்த மாதிரி இல்லை. பக்கத் தையல் கயிறு மாதிரி தடிப்பு, அதை முழுக்க நறுக்கி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி உடையும். ஏற்கெனவே மூன்று உடைந்துவிட்டது. ஏழு அங்குலச் சதுரம். அகலத்துக்கு ஒன்பது, நீளத்துக்குப் பன்னிரண்டு, ஒரு ஆள் போர்த்த அது போதும். பைகளைப் பிரித்தால் அடியில் வெயில் படாத துணி கருநீலமாக இருக்கிறது. பதினேழு வருஷம் பார்த்த பேன்ட்டில் அந்த நிறம் இருந்தது எனக்குத் தெரியாது.

பழைய ஜீன்ஸ் போட்டவரைக் காட்டிக்கொடுத்துவிடும், வாலு. என் தொழிலில் அதைத் தினமும் பார்க்கிறேன். உன் அண்ணனுக்கு இடது கால் அரை அங்குலம் குட்டை, உனக்குத் தெரியுமா? அவருக்கே தெரியாமல் இருந்தது. புது ஜீன்ஸ் வாங்கினால் இடது கால் மடிப்பு தரையில் இழுபட்டுக் குதிகாலில் நார் நாராகிவிடும். கல்யாணமான மாதத்திலேயே கண்டுபிடித்து, அதிலிருந்து இடது காலை மட்டும் அரை அங்குலம் ஏற்றித் தைப்பேன். டைல்ஸ் போடுகிற ஆள், நாளெல்லாம் மண்டியிடுவார், அதனால் இரண்டு முட்டியும் வெளுத்து, இழையெல்லாம் வெள்ளை சிமென்ட் ஏறியிருக்கும். ஐந்து ஜீன்ஸ் அப்படித்தான். போன ஜூலைக் கடைசியில் வாங்கின இரண்டு மட்டும் அப்படி இல்லை. முட்டி புதிதாக இருக்கிறது, உட்காரும் இடம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஏழு ஜீன்ஸில் எண்பத்தைந்து சதுரம்தான் தேறியது. உன் கடையில் யாரும் வாங்க வராமல் கிடக்கும் ஜீன்ஸ் இருந்தால் அனுப்பு.

கடைசியாக ஒன்று. அவர் உனக்கு எழுதினாரா, பேசினாரா? நீ மறைக்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். இங்கே நலம். அங்கே நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். கடையில் வேலை அதிகம், வீட்டிலும் அதிகம்.

ஆறு மாதத்துக்கு மேல் யாரும் கேட்டு வராத துணிகளை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஐந்து ஜீன்ஸ் தேறியது. பார்சலில் அனுப்புகிறேன். ஒன்றில் மை கொட்டியிருக்கிறது, அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

குளியலறைத் தரை சரியாகிவிட்டது. முழுக்கப் பெயர்த்துப் புதிதாகவே போட்டாயிற்று. ஆள் வைத்துப் போட்டோம்.

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். கால் விஷயம் எனக்குத் தெரியாது. கூடப் பிறந்தவள், எனக்குத் தெரியாது பாருங்கள்.

அன்புடன்,
வாலு


மே 19

அன்புள்ள வாலுக்கு,

பார்சல் வந்தது. நான் நலம். நீயும் நலமாக இருப்பாய்.

ஐந்து என்று எழுதியிருந்தாய். ஆறு வந்திருக்கிறது.

மை கொட்டினது ஒன்று. இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும் துணி இரண்டு, அது போர்வைக்கு ஆகாது. நான்காவது ஒரு குழந்தையுடையது. ஐந்தாவது யாரோ வலது கைப் பழக்கமுள்ள ஆளுடையது, பின் பையில் போன் வைத்து வைத்து அதன் வடிவமே விழுந்திருக்கிறது.

ஆறாவது, இடுப்பு முப்பத்து நான்கு. கடையில் வாங்கி அப்படியே போட்டது, யாரும் நீளம் திருத்தவில்லை. இடது கால் மடிப்பு குதிகாலில் நார் நாராகியிருக்கிறது. வலது கால் நன்றாக இருக்கிறது. இரண்டு முட்டியும் வெளுத்து, வெள்ளை சிமென்ட் ஏறியிருக்கிறது. நாலைந்து மாதம் போட்ட தேய்மானம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் கடைக்குப் போட வேண்டிய புடவை இருந்தது. பிறகு எழுந்து அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கோபம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அதை யார் உங்கள் கடையில் விட்டுவிட்டுப் போனார்கள்? உன் குளியலறைக்கு எந்த ஆளை வைத்தாய்?

அண்ணி


ஜூன் 25

வாலுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தபால்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். உன் இடுப்பு வலி தேவலையா?

போர்வையில் ஒன்பதாவது வரிசை நடக்கிறது. கனம் தாங்காமல் மிஷினை விட்டுச் சரிந்து விழுகிறது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேல் ஏற்றிவைத்துத் தைக்கிறேன்.

ஆறாவதை வெட்டவில்லை. நீ ஒன்றை வெட்டாமல் வைக்கச் சொன்னாய், ஒன்று இருக்கிறது.

அண்ணி


ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நலத்தைக் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஆமாம். அண்ணன் இங்கேதான் இருக்கிறார். போன டிசம்பரிலிருந்து. ஒரு பையோடு வந்து வாசலில் நின்றார். ‘அவளுக்குச் சொன்னா நான் வேற எங்கயாவது போயிடுவேன்’ என்றார். அப்படிச் சொல்கிற ஆளின் முகத்தைப் பார்த்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள். இங்கே இருந்தாலாவது கண்ணில் படுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். போன் கெடவில்லை. நீங்கள் பேசும்போது பின்னால் அவர் குரல் கேட்டுவிடும் என்று பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், நான் எட்டு மாதமாக ஒரு ஆளையே மறைத்தேன். உங்கள் கடிதம் வரும் ஒவ்வொரு நாளும் சாப்பாடு இறங்காது.

அவருக்கு வேலை போய்விட்டது, அண்ணி. போன ஆகஸ்டிலேயே. கான்ட்ராக்டர் தொழிலை மூடிவிட்டாராம். உங்களிடம் சொல்ல வாய் வராமல், தினமும் காலையில் கிளம்பி எங்கேயோ உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பிறகு ஒரு நாள் அவராகவே சொன்னார். ‘அவளுக்குத் தெரியும். ஒருநாள் சாப்பாட்டைக் குறைச்சுக் கட்டினா. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டே தினமும் டப்பா கட்டிக் கொடுக்கறா, நானும் வாங்கிட்டுப் போறேன். அதைத்தான் தாங்க முடியல.’

எனக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

ஜனவரியிலிருந்து இங்கே ஒருவரிடம் டைல்ஸ் வேலைக்குப் போகிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்சலில் நான் ஐந்துதான் வைத்தேன். மறுநாள் வேலைக்குப் போகும்போது, அட்டைப்பெட்டியை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். உங்கள் கடிதங்களை மேஜை மேல்தான் வைப்பேன். அவர் படிக்கிறாரா என்று நான் பார்ப்பதில்லை.

என்னை மன்னிக்க வேண்டாம். திட்டியாவது எழுதுங்கள்.

வாலு


ஆகஸ்ட் 3

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். நீ சாப்பிடு. திட்டுவதற்கு இப்போது தெம்பில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். செருப்பை ஒளித்துவிட்டு என்னோடு சேர்ந்து தேடினவள்தானே நீ, எனக்குத்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

உன் அண்ணன் சொன்னது சரி. எனக்குத் தெரியும். வேலை போன மூன்றாவது வாரமே தெரியும். ஜீன்ஸைத் துவைக்கப் போட எடுத்தால் முட்டியில் சிமென்ட் இல்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. பின்பக்கம் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. எங்கோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்துபோயிற்று. கேட்டால் குன்றிப்போய்விடுவார், அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தேன். நாள் ஆக ஆகக் கேட்பது கஷ்டமாகிவிட்டது. இத்தனை நாளாகத் தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வேன்?

சாப்பாட்டு விஷயமும் உண்மை. உட்கார்ந்தே இருக்கிறவருக்கு இத்தனை எதற்கு என்று ஒருநாள் கொஞ்சம் குறைத்துக் கட்டினேன். கெட்ட எண்ணம் இல்லை, கை தானாகக் குறைத்துவிட்டது. அன்று சாயங்காலம் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி பாத்திரம் துடைத்தேன். மறுநாள் பழையபடியே கட்டினேன். அடுத்த வாரம் போய்விட்டார். இதை நான் போலீஸிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. நீ மறைத்தது எட்டு மாதம், நான் மறைத்தது அதற்கும் மேல். அதனால்தான் உன்னைத் திட்ட வாய் வரவில்லை.

ஆறாவது ஜீன்ஸை இத்துடன் அனுப்புகிறேன். துவைத்து, முட்டிக்கு உள்பக்கம் ஒட்டுக் கொடுத்து, இடது காலை அரை அங்குலம் ஏற்றியிருக்கிறேன். அவரிடம் கொடு. முட்டி எழுதினதைப் படித்துவிட்டேன் என்று சொல். ஆனால் எனக்கு அது போதாது. துணியைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டது எல்லாம் போதும். வேலை போய்விட்டது என்று அவர் எனக்குச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் கழித்து எதற்கு என்று கேட்டால், அதற்குத்தான் என்று சொல்.

பன்னிரண்டு வரிசையும் முடிந்துவிட்டது. அடியில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொடுத்து முடிச்சுப் போட்டுவிட்டேன். ஓரம் மட்டும் மடித்து அடிக்கவில்லை. அடித்துவிட்டால் அப்புறம் அகலம் கூட்ட முடியாது. செப்டம்பர் முடியும்வரை பார்ப்பேன், பிறகு அடித்துவிடுவேன்.

உன் வீட்டுக்காரரை இருமலுக்கு டாக்டரிடம் காட்டச் சொல்.

உன் அண்ணி


செப்டம்பர் 14

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதலில் நலமா என்று கேள் என்கிறாள் வாலு. நலமா?

நான் நலம்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு வேலை போய்விட்டது. போன வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை. காலையில் போனேன், ஷெட் பூட்டியிருந்தது. எல்லோரும் வெளியே நின்றார்கள். பத்து மணிக்கு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எனக்கு வீட்டுக்கு வரக் கால் வரவில்லை. உனக்கு அன்று விடுமுறை, வீட்டில் இருந்தாய். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். சாயங்காலம் வந்து உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தேன். நீ ‘வேலை எப்படி?’ என்றாய். நான் ‘பரவாயில்லை’ என்றேன். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நீ கேட்டிருக்கலாம் என்று ஒரு காலத்தில் கோபமாக இருந்தது. இப்போது இல்லை. சொல்ல வேண்டியவன் நான்.

ஜீன்ஸ் போட்டுப் பார்த்தேன். இடது கால் தரையில் இழுக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. ஆனால் மணி அடிக்கிறேன். திறக்காவிட்டால் சாவியைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். உன் மேல் தப்பில்லை என்று அன்று சீட்டில் எழுதியது நிஜம்தான்.


அக்டோபர் 5

அன்புள்ள வாலுக்கு,

உன் இடுப்பு வலிக்கும், உன் வீட்டுக்காரர் இருமலுக்கும், நீ தினமும் முழுங்காமல் விட்ட சாப்பாட்டுக்கும் சேர்த்து விசாரிக்கிறேன். எல்லாம் சரியாகட்டும்.

உன் அண்ணன் சொன்னபடி சனிக்கிழமை வந்தார். முதல் மணிக்கு நான் எழுந்திருக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது மணி அடிக்க ரொம்ப நேரமாயிற்று. சாவியைத் தபால்பெட்டியில் போட்டுவிடுவாரோ என்று அப்போதுதான் பயம் வந்தது. இத்தனை மாதத்தில் எனக்கு வந்த முதல் பயம் அது. எழுந்து திறந்தேன்.

வாசலிலேயே நின்று சொன்னார். ‘எனக்கு வேலை போச்சு.’

‘தெரியும்’ என்றேன்.

‘தெரியும்னு தெரியும்’ என்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

மடித்து வைத்திருந்த போர்வையைப் பிரித்துத் தரையில் விரித்தார், ஓடு பதிக்கிறவர் பார்க்கிற மாதிரி நான்கு மூலையும் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு மூலை கால் அங்குலம் கோணல் என்றார். பத்து மாதம் கழித்து வந்தவர் பேசுகிற பேச்சைப் பார். பிறகு மண்டியிட்டு ஒவ்வொரு சதுரமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். தேயாத முட்டித் துணி நான்கு சதுரம் ஓரமாக இருக்கிறது, அங்கே வந்ததும் கை நின்றுவிட்டது. ‘இது நூலகத்துக்குப் பின்னாடி உக்காந்தது’ என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த பெஞ்ச், எந்த நாள், மழை வந்தால் எங்கே ஒதுங்கினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கேள்வி கேட்டேன். கேட்பது அத்தனை கஷ்டமாக இல்லை. நாங்கள் ஏன் இதற்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டோம் என்று தெரியவில்லை.

சந்தோஷமா அண்ணி என்று கேட்பாய். தெரியவில்லை, வாலு. கால் மரத்துப்போய் மறுபடி ரத்தம் ஓடும்போது முதலில் குத்துமே, அப்படித்தான் இருக்கிறது. நேற்று டப்பா கழுவும்போது திடீரென்று அழுதேன். அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்துவிட்டு, ‘என்ன ஆச்சு, சொல்லு’ என்றார். சொன்னேன்.

வேலைக்கு இங்கேயே இரண்டு இடத்தில் சொல்லிவைத்திருக்கிறார். கிடைக்கும்வரை காலையில் வீட்டில்தான் இருப்பார், நான் கடைக்குப் போவேன். டப்பா அவர் கட்டுகிறார். சுமார்தான்.

போர்வை ஒரு ஆள் அளவுக்குத் தைத்தது. நேற்று இரண்டு பேரும் போர்த்திப் பார்த்தோம், யாராவது ஒருவர் முதுகு வெளியே நிற்கிறது. ஓரம் இன்னும் அடிக்கவில்லை. அகலத்துக்கு நான்கு வரிசை சேர்க்க வேண்டும். உங்கள் கடையில் ஜீன்ஸ் இருந்தால் அனுப்பு.

இந்தத் தடவை எண்ணி அனுப்பு.

உன் அண்ணி